முதலாளி தேர்ந்தெடுத்த படம்

ராஜபாய் அக்காவுக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் தளத்தில் கட்டிய விசைப்படகு ஆற்றில் இறங்கும் நாளில், புதுக்கடை ஸ்டுடியோவிலிருந்து கேமராவோடு வர வேண்டும். முதலாளி குடும்பம் மாலையோடு நிற்கும். இரும்பு வளைத்து, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்த நாங்கள் ஒதுங்க வேண்டும்.

அக்கா முந்தின நாளே வந்துவிடுவார். "மூஞ்சியக் காட்டுலே" என்று அதட்டி, வேலை செய்கிற ஒவ்வொருவரையும் எடுப்பார். அந்தப் படங்களை யாரும் கேட்டதில்லை.

போன ஆடியில் சாரம் முறிந்து சுதன் செத்தான். பதினொரு வருடம் எங்களோடு வெல்டிங் வைத்தவன். அப்படி ஓர் ஆள் இங்கே வேலை பார்க்கவே இல்லை, வேடிக்கை பார்க்க ஏறியவன் என்று முதலாளி தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார். பதிவேட்டில் எங்கள் யார் பெயரும் கிடையாதே!

"பதினோரு வருசமா வேடிக்கையா பாத்தாரு?" என்று சுதன் மனைவி பிந்து எங்களைக் கேட்டாள். ஆளாளுக்கு வேலையைப் பார்க்கத் திரும்பினோம். பெயின்டர் ஞானதாசனாகிய நானும்தான். சாட்சி சொன்னால் மறுநாள் வேலை போகும். த்தூ, இதுவும் ஒரு பிழைப்பு.

கார்த்திகையில் தளத்துக்கு வெள்ளிவிழா வந்தது. வாசலில் வைக்க, ஆள் வேலை செய்கிற மாதிரி பெரிய படம் வேண்டும் என்றார் முதலாளி. அக்கா ஐந்து படங்களை மேசையில் பரப்பினார். ஐந்திலும் சுதன், முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரிக்கிறான். டீ கொண்டுபோன நானும் பார்த்தேன்.

"இது கொள்ளாம். வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு" என்று ஒன்றை எடுத்தான் முதலாளி. இனி அவனுக்கு என்ன மரியாதை? செத்தவன் பெயரை மறுக்கத் தெரிந்தவனுக்கு அவன் முகம் தெரியவில்லை.

விழா அன்று சுதன் பத்தடி உயரத்தில் வாசலில் நின்றான். கீழே 'எங்கள் உழைப்பாளி' என்று எழுதியிருந்தது. அக்கா பிந்துவையும் தொழிலாளர் அதிகாரியையும் அழைத்து வந்தார்.

"இது யாரு?" என்றார் அதிகாரி.

"நம்ம வெல்டர்தான் சார்" என்றான் முதலாளி, பெருமையாக.

பிந்து பையிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தாள். முதலாளி அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தான்.

"இவன் சுதன். என்கூட வேலை பாத்தவன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முதலாளி தலையைத் திருப்பிக்கொண்டான்.

அக்கா கேமராவைத் தூக்கினார்.

"மொதலாளி, இப்போ நீரு மூஞ்சியக் காட்டும்."