கெங்கம்மாளின் அரை மணி

காலை ஒன்பது மணிக்கு வாட்ச்சுக்குச் சாவி கொடுக்க வேண்டும். அதற்குள் கெங்கம்மாள் செய்து முடித்திருக்கும் வேலைகளைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிற நமக்கே இடுப்பு விட்டுப்போகும். புருஷன் தாண்டவராயனைப் புரட்டித் துடைத்து, துணி மாற்றி, கேப்பைக் கூழ் ஊட்டி, மாத்திரை கொடுத்தாகியிருக்கும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இருபத்தாறு வருஷம் தனியார் பஸ் ஓட்டிய மனிதர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து மூன்று வருஷமாகிறது. வாட்ச் இடது கையில்தான் இருக்கிறது. அதைத் திருகத்தான் இன்னொரு கை இல்லை.

தனியாகக் கிடக்க அவருக்குப் பயம். பயம் என்று சொல்லத் தெரியாததால் சட்டம் போட்டார்.

"கடைக்குப் போனா அரை மணி. ஒன்பதரைக்கு வந்துடணும்."

ஒரு நிமிஷம் தாண்டினாலும் போடும் கத்தல் தெருவுக்கே கேட்கும்.

வாட்ச்சைக் கழற்றி, பக்கத்திலிருக்கும் சாவியை இறுகும்வரை உருட்டுவாள். அந்தச் சத்தத்திலேயே மாத்திரை மயக்கத்தில் அவர் கண்ணயர்ந்துவிடுவார். உடனே அந்தச் சாவியை வெளியே இழுத்து, முள்ளை அரை மணி பின்னால் தள்ளி, வாரைக் கையில் கட்டிவிட்டுக் கிளம்புவாள். சாயங்காலம் உடம்பு துடைக்க வாட்ச்சைக் கழற்றும்போது முள்ளைச் சரிசெய்துவிடுவாள். நாலு மாசமாக நடக்கிறது இந்தத் திருட்டு.

திருடிய அரை மணியில் ஒன்றும் செய்யமாட்டாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் போய் உட்காருவாள். அங்கே சும்மா உட்கார்ந்திருப்பவளை ஏன் என்று யாரும் கேட்பதில்லை. யாரும் அவளைக் கூப்பிடவும் மாட்டார்கள். அது போதும் அவளுக்கு.

அன்று அசதியில் அங்கேயே தூங்கிவிட்டாள். விழித்தபோது மணி பதினொன்று. பையை இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். அவர் கை வாட்ச்சில் பத்து நாற்பது. படுக்கை நனைந்திருந்தது. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

அவர் கத்தவில்லை. குழறிய வாயோடு மெதுவாகச் சொன்னார்.

"ஒன்பதே முக்கா மயிலம் வண்டி ஹாரன் அடிக்கச்சொல்ல, என் வாட்ச்சுல எப்பவும் ஒன்பதே கால்தான். எனுக்குத் தெரியாதா கெங்கா? நானே ஓட்டுன ரூட்டு."

அவள் பையைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சிகினேவா கத்துனீங்க?"

"கத்தலன்னா, நான் கண்டுபுடிச்சிட்டேன்னு நெனச்சி நீ சீக்கிரமா வந்துடுவ." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நாளைக்கி ஒரு மணி நேரமா தள்ளி வை. போய் குந்திக்கினு வா."

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே உருகியிருப்பாள். கெங்கம்மாளுக்கும் கண் கலங்கியது. ஆனால் கூடவே ஒரு வெறுமையும் வந்தது. நாள் முழுக்க அவருக்கென்று போனதுபோக, அந்த அரை மணி ஒன்றுதான் அவளுடையதாக இருந்தது. அதற்கும் இப்போது அவர் உத்தரவு கிடைத்துவிட்டது. துணி மாற்ற உட்கார்ந்தாள்.

மறுநாள் சாவி கொடுத்தாள். முள்ளைத் தொடவில்லை. கடைக்குப் போய்ப் பாலும் சோப்பும் வாங்கிக்கொண்டு, ஒன்பது இருபதுக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.