யூசுப்புக்குத் தெரிந்தவர்

வண்டிச் சாவியை ஓட்டல் வாசலில் நிற்கும் ஆளிடம் நீட்டும்போதே தம்பிதுரை தன் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். "தம்பிதுரைங்க. கணபதில பம்புசெட் ஸ்பேர்ஸ் கடை." அந்த ஆள் கேட்டது சாவியை மட்டும்தான். உள்ளே வரவேற்பு மேசைப் பெண்ணிடம் இன்னொரு தடவை. தண்ணீர் ஊற்ற வருகிறவரிடம் மறுபடியும் ஒரு தடவை, கூடவே "சிறுவாணித் தண்ணிதானுங்களே?" என்று ஒரு கேள்வி. இல்லை என்றாலும் குடிக்கத்தான் போகிறார். பேச்சு கொஞ்சம் நீண்டால் முகம் மனதில் நிற்கும் என்பது அவர் நினைப்பு.

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பழைய பங்களாவைத் தோட்டத்தோடு அப்படியே ஓட்டலாக்கியிருக்கிறார்கள். மாமரம் முழுக்க மஞ்சள் பல்புச் சரம். புல்தரையில் இரும்பு நாற்காலிகள். உட்கார்ந்ததும் ஒரு கால் மண்ணில் இறங்கி, எப்பேர்ப்பட்ட ஆளும் லேசாகக் கோணிக்கொள்வார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நாட்களில் டிஷ்யூ பேப்பர் பறந்து அடுத்த மேசைக்காரர் மடியில் விழும். மெனு அட்டையில் ஒரு கோழிக்கு மூன்று வரிப் பெயர். தம்பிதுரை மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "இதுல காரமா எதுங்க இருக்கும்?" என்பார்.

அறுபது முடிந்தவர். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, பையில் சீப்பு. கணபதியில் அவர் கடையிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தால் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகும். டீக்கடைக்காரர், மெடிக்கல்காரர், பேங்க் வாட்ச்மேன் என்று ஆளாளுக்கு "துரையண்ணா, சௌக்கியங்களா?" என்று நிறுத்திவிடுவார்கள். அந்தக் குரல்களிலேயே வளர்ந்த உடம்பு. தன்னைத் தெரியாத இடத்தில் போய் உட்கார்ந்தால், சட்டை போட மறந்து கிளம்பிவிட்டது போல அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

வரதராஜுலு பீளமேட்டில் தம்பிதுரையோடு பாலிடெக்னிக் படித்தவர். இவர் கடை வைத்தார், அவர் இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்தார். பவுண்டரி இரண்டானபோது தம்பிதுரைக்கு வயிறு எரியவில்லை. மகளை அமெரிக்க மாப்பிள்ளைக்குக் கொடுத்தபோதும் வாயாரத்தான் வாழ்த்தினார். வயிறு எரிந்தது இந்தத் தோட்டத்தில். கூடப் படித்த கூட்டாளிகள் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். இங்கே முதன்முதலாக வந்தபோது, ஆர்டர் எடுக்கும் கேப்டன் முகமது யூசுப் புல்தரையின் அந்தக் கோடியிலிருந்து ஏறக்குறைய ஓடியே வந்தார். "வரதராஜுலு சார், வாங்க வாங்க! மாமரத்தடியிலயே போட்டரலாமுங்களா?" கேட்காமலேயே அவருக்கு மட்டும் ஐஸ் போடாத எலுமிச்சை ஜூஸ் வந்தது. மற்றவர்கள் எல்லாரும் அவரோடு வந்த கும்பல்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்ப தம்பிதுரையே முயன்றதில்லை. அன்று காரில் திரும்பும்போது பொருமித் தீர்த்தார். "அவனென்ன, இந்த ஓட்டலுக்குக் கட்டிக்குடுத்த மாப்பளையா? ஓடி ஓடி உளுகறாங்க!"

"யாவாரப் பார்ட்டிக்காரங்களைக் கூட்டிட்டு அடிக்கடி வருவாராட்ட இருக்குதுங்க. தெரிஞ்சிருக்கும். இதுக்குப் போயி ஏனுங்க வண்டிய இந்த வெரட்டு வெரட்டறீங்க?" என்றார் மனைவி சாமியாத்தாள்.

சித்திரையில் தம்பிதுரையின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, கூட்டாளிகளுக்குத் தனியாக ஒரு விருந்து, இதே தோட்டத்தில். புதுச்சட்டை போட்டு முன்னதாகவே வந்து, ஒவ்வொரு குடும்பத்தையும் வாசலிலிருந்து தானே அழைத்துப்போய் உட்கார வைத்தார். யூசுப் வந்தார். மெனு அட்டையை வரதராஜுலு கையில் கொடுத்தார். காரம் போதுமா என்று வரதராஜுலுவைக் கேட்டார். கடைசியில் பில் அட்டையும் வரதராஜுலு முன்னால்தான் போய் உட்கார்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே அதை இந்தப் பக்கம் தள்ளினார். அந்தச் சிரிப்பைத் தம்பிதுரை இன்றுவரை மன்னிக்கவில்லை. "அடுத்த விருந்தும் என்னுதுதான், இதே எடத்துலதான்" என்று அங்கேயே அறிவித்துவிட்டார். யாருக்கும் காரணம் புரியவில்லை. யூசுப் வாயால் தன் பெயர் வரவேண்டும், அது வரதராஜுலு காதில் விழவேண்டும். வேறு ஆசையே கிடையாது.

அதன்பிறகு வாரநாட்களில் சாயங்காலம் பொழுதோடு கடையை ஆட்களிடம் விட்டுவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தார். வீட்டில் கேட்டால், சரக்கெடுக்கும் வேலை. தனி ஆள் என்பதால் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், செம்பருத்தி வேலியோரம் சின்ன மேசை கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் காளான் சூப்தான் சொல்வார். காளான் அவருக்குப் பிடிக்காது. ஆனால் மாற்றாமல் கேட்டால்தான் ஆளை ஞாபகம் வைப்பார்கள் என்று கஷாயம் குடிப்பவர் முகத்தோடு குடித்து முடிப்பார். யூசுப் அந்தப் பக்கம் வந்தால் தொண்டையைச் செருமுவார். அடுத்த மேசையில் நின்று யூசுப் சிரித்துப் பேசினால் இவர் சூப் ஆறிப்போகும்.

ஒருநாள் துணிந்து கேட்டார். "ஏனுங்க தம்பி, நமக்கு எந்தூருங்க?"

"சத்தியமங்கலமுங்க ஐயா."

"அட, சத்தியா! என்ற கொழுந்தியா ஊடு அங்கதானுங்க, கடைவீதிக்குப் பொறத்தால. நானு தம்பிதுரைங்க."

அன்றிலிருந்து யூசுப் அந்த மேசையில் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். ஃபேனை இவர் பக்கம் திருப்பிவைப்பார். கேட்காமலேயே இன்னும் இரண்டு ரொட்டித் துண்டு வைப்பார். பேசும்போது குரல் தணிந்து, இதமாக இருக்கும். வரதராஜுலுவிடம் இப்படி ஒரு குரலில் பேசியதே இல்லை என்று தம்பிதுரைக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

வீட்டில் சாமியாத்தாள் தட்டைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "ஊட்டுச் சோறு எறங்கவே மாட்டேங்குதே, எங்கியோ தின்னுபோட்டு வாறீங்களாட்ட இருக்குது?"

"வயசாவுதில்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை, அவர் அறிவித்த அந்த விருந்து. எல்லாரும் வந்து புல்தரையில் கால் வைத்ததும், அந்தக் கோடியிலிருந்து யூசுப் ஓடிவந்தார். வரதராஜுலு வழக்கம்போல் பாதிக் கையைத் தூக்கினார். யூசுப் அவருக்கு ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொண்டு, நேராகத் தம்பிதுரை முன்னால் வந்து நின்றார்.

"தம்பிதுரை ஐயா! வாங்க, வாங்க!"

தூக்கிய கையை வரதராஜுலு தலைமுடியைக் கோதுவதுபோல் இறக்கிக்கொண்டார். தம்பிதுரைக்கு அந்தக் காட்சி ஒன்றே போதும், சாப்பாடே வேண்டாம். யூசுப்பும் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிஜமாகவே பிரியப்பட்ட மனிதர், நிறுத்தவில்லை. எல்லாரும் நாற்காலியில் உட்காரும் வரை காத்திருந்து சொன்னார்.

"இன்னைக்காச்சும் ஆளுங்களோட வந்தீங்களே ஐயா, ரொம்பச் சந்தோசமுங்க. வாரத்துல பாதி நாளு அந்த ஓரத்துல ஒத்தையா உக்காந்து, எங்க மூஞ்சியவே பாத்துட்டு, ஒரு சூப்பக் குடிச்சுபோட்டு எந்திரிச்சுப் போவீங்க. எனக்கு மனசே கேக்காதுங்க. பாவம், யாருமில்லாதவராட்ட இருக்குதுன்னு சமையல்கட்டுல கூடச் சொல்லி வருத்தப்படுவேனுங்க."

சாமியாத்தாள் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். "யாருமில்லாதவரா? அப்ப நானு ஆருங்க?"

வரதராஜுலு சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால் தேவலாம். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு தம்பிதுரையின் கையைப் பிடித்தார். "தொரை, ஊட்ல ஏதாச்சும் சங்கடமாப்பா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

தம்பிதுரைக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. ஓர் ஓட்டல்காரர் தன்னைப் பாவம் என்று சொல்லியாயிற்று. வரதராஜுலுவும் பாவம் பார்க்க ஆரம்பித்தாயிற்று. தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. தம்பி ஆள் மாறிப் பேசுகிறார், அது வேறு யாரோ என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்துவிடும். ஆனால் அப்படிச் சொன்னால், யூசுப் ஓடிவந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதுகூட வேறு யாரையோதான் என்று ஆகிவிடும். சாமியாத்தாளுக்கு வீட்டில் போய்ப் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

வரதராஜுலுவின் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு யூசுப்பின் தோள்மேல் கை போட்டார். அவரை மேசைப் பக்கமாகத் திருப்பி நிறுத்தி, வரதராஜுலுவை நோக்கி மோவாயை நீட்டினார்.

"தம்பி, இவரு என்ற சிநேகிதருங்க. பேரு வரதராஜுலு. நல்லாக் கவனிச்சுக்கோணும்."