இலை வாடும் மாடியில் பொம்மை நாற்காலிகள்

இதைப் படிக்கும் நீங்கள் எனக்குச் சாட்சியாக வேண்டும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டால் என் தகப்பனார், "நான் என்னடா செஞ்சேன்? ரெண்டு வாய் டீ குடிச்சுப் பார்த்தேன், அவ்வளவுதானே" என்கிறார். என் அக்காளோ, "பொம்மை நாற்காலிக்குக் கால் ஒட்டினதையெல்லாம் ஒரு சேதின்னு எழுதுவாங்களா?" என்று சிரிக்கிறாள். நன்மை செய்தவர்களே அதைச் செய்யவில்லை என்று சாதிக்கும் விசித்திரமான வழக்கு இது. கல்லூரி மேடைகளில் எதிரணியை வாயடைக்கச் செய்து பரிசு வாங்கியவன் என்ற பெருமை எனக்கு உண்டு; அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் இங்கே வாதத்திறமை எதையும் காட்டப் போவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் உங்கள் முன் வைக்கிறேன். கேட்டு முடித்த பிறகு, நான் நன்றி சொல்வது முறைதானா என்று நீங்களே சொல்லுங்கள்.

குன்னூரை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் தகப்பனார் டீமேக்கராக இருந்தார். கொழுந்து பேக்டரிக்குள் நுழைந்தது முதல் தூளாகிப் பெட்டியில் அடைபடும் வரை அதற்கு அவரே பொறுப்பு. நாங்கள் பேக்டரிக்குப் பக்கத்திலிருந்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் அக்காள் சிறுமியாக இருந்தபோது, அன்றைய துரையின் பங்களாவுக்கு விளையாடப் போவாள். துரைசாணி தம் மகளுக்காக ஒரு பொம்மை வீடு செய்யத் தொடங்கியிருந்தார். தோட்டத்துத் தச்சர் சுவர்களையும் கூரையையும் செய்து கொடுத்துவிட்டார். உள்ளே வைக்க வேண்டிய நாற்காலி, கட்டில், அலமாரி, பியானோ எல்லாவற்றையும் துரைசாணியே தம் கையால் செய்வதாக ஏற்பாடு. மரத்தகடும் பட்டுத் துணியும் சீமையிலிருந்து கப்பலில் வந்தன. வேலை பாதி நடப்பதற்குள் மகளைப் படிப்புக்காகச் சீமைக்கு அனுப்பும்படி ஆயிற்று. பின்னாலேயே துரையும் தோட்டத்தை விட்டுப் போனார்; வேறு துரை வந்தார். முடியாத அந்த வீட்டைத் துரைசாணி என் அக்காளிடம் கொடுத்து, "நீ முடி" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அக்காள் முயன்று பார்த்தாள். ஒட்டியதெல்லாம் மழைக்காலத்தில் கழன்று விழுந்தது. தன் கைக்கு அந்த வேலை வராது என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். அதன் பிறகு நாங்கள் வளர்ந்து பெரியவர்களானோம். சாக்கு மட்டும் அங்கேயே கிடந்தது.

நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்த ஐப்பசியில் அதைக் கீழே இறக்க வேண்டி வந்தது. பொள்ளாச்சியிலிருந்து அக்காளைப் பெண் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். வயதிலும் மிக மூத்தவர். அக்காளுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அதே சமயம் ஊட்டியில், பெர்ன்ஹில் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில், கைவேலை கற்பிக்க ஓர் ஆசிரியை தேவை என்ற செய்தி வந்தது. மரம், துணி, காகிதம் மூன்றும் சேர்ந்த கைவேலை ஒன்றைத் தானே செய்து முடித்துக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. பள்ளிக்கூடம் பதில் சொல்லும் வரை பொள்ளாச்சிக்குப் பதில் சொல்வதில்லை என்று தகப்பனார் அக்காளுக்கு வாக்குக் கொடுத்தார். வேலை கிடைத்தால் ஊட்டி, கிடைக்காவிட்டால் பொள்ளாச்சி. கார்த்திகைக் கடைசியில் பள்ளி விடுமுறைக்கு மூடுவதற்கு முன் அவள் அங்கே போய் நிற்க வேண்டும்.

சாக்கைப் பிரித்தோம். கால்களில்லாத நாற்காலிகள், கதவில்லாத அலமாரி, திரை தைக்காத கட்டில், கட்டைகள் வைக்காத பியானோ, அடுப்பே இல்லாத சமையலறை. வரவேற்பறையையும் படுக்கையறையையும் முடித்தால் போதும் என்று அக்காள் தீர்மானித்தாள். குச்சிகளைச் சீவினாள். கடைவீதியில் தச்சர்கள் வாங்கும் வச்சிரப் பசையை வாங்கிக் காய்ச்சி, கட்டைவிரல் அளவு நாற்காலிகளுக்குக் கால் ஒட்டினாள். மறுநாள் காலையில் பார்த்தால், அப்போதுதான் பிறந்த கன்றுக்குட்டியைப் போல ஒவ்வொரு நாற்காலியும் கால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்தது.

"பார்த்தியா, அன்னைக்கும் இதேதான். என்ற கைக்கு ஆகலை" என்றாள் அக்காள்.

ஆனால் ஒரே ஒரு நாற்காலி நேராக நின்றது. முதல் நாள் மாலை அம்மா அதைத் தெரியாமல் நகர்த்தி எங்கள் சமையலறை அடுப்பு மேடையோரம் வைத்திருக்கிறாள். புகையில் கறுத்துப் போயிருந்தாலும் அதன் கால்கள் அசையவில்லை. அக்காள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடத்தில், அத்தனை ஆண்டுகளாகத் தன் கையின் மேல் சுமத்தியிருந்த பழியை அவள் இறக்கி வைத்ததை நான் பக்கத்திலிருந்து கண்டேன். குற்றம் கையிலில்லை. ஐப்பசி மாதத்துக் குன்னூர் மூடுபனியில் எந்தப் பசையும் காயாது. ஒட்டியதைச் சீமை வழக்கப்படி இரவெல்லாம் மேசைமேல் உலர வைத்த துரைசாணிக்கும் அது தெரிந்திருக்காது.

இனி வேண்டியது புகையில்லாத, அனலில்லாத, உலர்ந்த வெப்பம். கரியடுப்புப் பக்கத்தில் வைத்தால் மெல்லிய தகடு முறுக்கிக்கொண்டது. எங்கள் தோட்டத்தில் அத்தகைய வெப்பம் இருந்த இடம் ஒன்றுதான். பேக்டரியின் மேல்மாடி. பறித்த கொழுந்தைக் கோணித்துணித் தட்டுகளில் மெலிதாகப் பரப்பி, கீழே இயந்திரத்திலிருந்து எழும் வெதுவெதுப்பான காற்றில் வாட்டும் இடம் அது. வெளியே எவ்வளவு மழையானாலும் அங்கே கைக்குட்டை காய்ந்துவிடும்.

அன்று மாலை தகப்பனார் ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் நான் எழுந்து நின்றேன். அக்காளுக்காக நான் ஆற்றிய அந்த உரை என் சிறந்த உரைகளில் ஒன்று என்பதே இன்றும் என் கருத்து. பெண்ணின் உழைப்புக்கு உரிய இடத்தில் தொடங்கி, அவ்வளவு பெரிய மாடியில் ஒரு மூலை எவ்வளவு சிறியது என்று விளக்கி, முடிவில் குரலைத் தாழ்த்தி, ஒரு பெண்ணின் வாழ்வு அந்த மூலையைப் பொறுத்திருக்கிறது என்று முடித்தேன். தகப்பனார் கூட்டத் தலைவரைப் போல இடைமறிக்காமல் கேட்டார்.

"நெம்ப நல்லாப் பேசறே கண்ணு. பட்டணத்துல படிக்க வச்சது வீண் போகலை. ஆனா இலைக்குக் காது கெடையாது. மூக்கு மட்டுந்தான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதே. வாடற இலை பக்கத்துல என்ன வாசம் இருந்தாலும் இழுத்துக்கும். வெங்காயம் நறுக்கின கையோட ஒருத்தரை மேல ஏற உடறனா? தொரையோட நாயி நனைஞ்சுட்டு வந்துச்சு, அதையே படியில நிறுத்திப் போட்டேன். மாட்டுத் தோலைக் காய்ச்சின பசையைக் கொண்டுபோய் அங்க வச்சா, சீமையில குடிக்கறவன் மொத வாயிலயே துப்பிப்போடுவான். அப்புறம் இந்த ஊடு நமக்கு இருக்குமா?"

அப்போது அக்காள் கேட்டாள்: "வாசமில்லாத பசையா இருந்தா உடுவீங்களாப்பா?"

"அப்படியொரு பசை எது அம்மிணி?"

"புளியங்கொட்டைப் பசைங்க. கடைவீதியில படத்துக்குச் சட்டம் போடறவரு அதுலதானுங்க ஒட்டறாரு."

தகப்பனார் தம் நாக்கைத் தொட்டுக் காட்டினார். "வாசமில்லைன்னு நீ சொன்னாப் பத்தாது. என்ற நாக்கு சொல்லோணும்."

பசை செய்யும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். புளியங்கொட்டையை வறுத்து, தோலை இடித்து நீக்கி, ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்துக் காய்ச்ச வேண்டும். உள்ளங்கை கொப்பளித்தது. அம்மா வாசற்படியில் நின்று அங்கலாய்த்தாள். "தோசைக்கு ஆட்டற கல்லுல பசை ஆட்டறானாம்! நாளைக்குத் தோசை கல்லை உட்டு வரலையின்னா, அதுக்கும் ஒரு பிரசங்கம் பண்ணுவான்."

தகப்பனார் தகர டப்பா ஒன்றில் நல்ல தூளைப் போட்டு, பசை தடவிய பலகைத் துண்டை அதற்குள் வைத்து இறுக மூடினார். இன்னொரு டப்பாவில் வெறும் தூள். மறுநாள் காலை வரை இரண்டும் அப்படியே இருந்தன. எந்தக் கோப்பை எதுவென்று தீர்ப்புச் சொல்பவருக்குத் தெரியக்கூடாது என்று நான் முறையிட்டேன். அவரும் ஒப்புக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மா இரண்டிலும் டீ ஊற்றி, கோப்பைகளை இடம் மாற்றி வைத்தாள்.

பேக்டரியில் செய்வதைப் போலவே அவர் செய்தார். கரண்டியால் எடுத்துச் 'சர்'ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, படிக்கத்தில் துப்பினார். அடுத்த கோப்பை. மறுபடி முதல் கோப்பை. அக்காள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள்.

"இந்தக் கோப்பை கொஞ்சம் ஆறிப்போச்சு" என்றார். பிறகு, "வேற குத்தம் ஒண்ணும் எனக்குத் தெரியலை. கொண்டா உன்ற நாற்காலிய."

அத்துடன் அவர் நிற்கவில்லை. துரைக்குத் தெரியாமல் தம் மாடியில் ஒரு துரும்பும் ஏறக்கூடாது என்பது அவர் கொள்கை. நேரே பங்களாவுக்குப் போய் விவரத்தைச் சொல்லி, தூளில் குறை கண்டால் தாமே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு அனுமதி வாங்கி வந்தார். மகளுக்காகத் தம் பிழைப்பையே பணயம் வைத்த அந்த மனிதர்தான் இன்று "நான் என்ன செஞ்சேன்" என்று கேட்கிறார்.

அக்காள் பழைய வச்சிரத்தையெல்லாம் வெந்நீரில் கரைத்துச் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டினாள். தகப்பனார் வேறு யாரிடமும் கொடுக்காமல், நாற்காலிகளை அடுக்கிய தட்டைத் தாமே மாடிக்குச் சுமந்தார். ஒரு நாள் பின்னாலேயே சென்று பார்த்தேன். வாடும் இலையைக் கையால் அள்ளி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்து ஒரு பொம்மை நாற்காலியை இரண்டு விரலால் தூக்கி, அதையும் அதே கவனத்துடன் முகர்ந்து, பக்கம் திருப்பி வைத்தார். இலையைப் புரட்டும் வேளைகளில் நாற்காலிகளையும் புரட்டினார். ஒரு கால்கூட அசையவில்லை. அலமாரிக்குக் கதவு வந்தது. கட்டிலுக்குப் பட்டுத் திரை வந்தது. சுவருக்குப் பூப்போட்ட காகிதம் வந்தது.

குறித்த நாளில் அக்காளும் நானும் மலை ரயிலில் ஊட்டிக்குப் போனோம். பொம்மை வீட்டை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். தலைமையாசிரியை ஒரு வெள்ளைக்கார மாது. பல ஆண்டுகள் மலையிலிருந்ததால் நன்றாகத் தமிழ் பேசினார். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்; கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மையார் ஒரு நாற்காலியை ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கி உலுக்கினார். நான்தான் ஆடிப்போனேன், நாற்காலி ஆடவில்லை.

"எல்லாமே உன் கையால் செய்ததா?" என்று கேட்டார்.

ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"சீவினதும் ஒட்டினதும் தைச்சதும் நானுங்க. சுவரு தச்சர் செஞ்சது. பசை அரைச்சது என்ற தம்பி. காய வச்சது எங்கப்பா, டீ பேக்டரி மாடியில. அங்க வைக்காட்டி ஒண்ணுமே நின்னிருக்காதுங்க."

போயிற்று, பொள்ளாச்சிதான் என்று நான் கண்களை மூடிக்கொண்டேன்.

"எங்கள் குழந்தைகளுக்கு டீ பேக்டரி கிடையாதே, என்ன செய்வாய்?"

"மாசியில வெயில் அடிக்குமுங்களே. மழைக்காலத்துல துணி வேலை, வெயில் காலத்துல பசை வேலைன்னு பிரிச்சுக்குவேனுங்க."

அந்த மாது நாற்காலியை அதன் இடத்தில் மெதுவாக வைத்துவிட்டு, மாசி மாதம் பள்ளி திறக்கும்போது வந்து சேரும்படி சொன்னார். வெளியே வந்த அக்காள் ரயிலடி வரை பொம்மை வீட்டை அணைத்தபடியே நடந்தாள். அன்று மாலையே தகப்பனார் குன்னூரிலிருந்த பொள்ளாச்சிக்காரர்களின் உறவினரை நேரில் பார்த்து, "என்ற பொண்ணுக்கு உத்தியோகம் ஆயிப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அதைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். நான் உடன் இல்லாமற் போனேனே என்று இன்றும் வருந்துகிறேன்.

மாசியில் அக்காள் புறப்பட்டாள். குன்னூர் ரயிலடியில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, தகப்பனார் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்காள் ஜன்னல் வழியே என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, சமையலறையும் பியானோவும் அப்படியே கெடக்குது. மறுபடி சாக்குல கட்டிப் பரண்ல போட்டுராதீங்கடா."

"நான் முடிக்கிறேன்."

"நீயா? பேசிப் பேசியே ஒட்ட வச்சிருவியாட்டம் இருக்குது!"

பக்கத்துப் பெட்டிக்காரர்களும் சிரித்தார்கள். ரயில் நகர்ந்தது. தன் வாழ்வே தொங்கிய இடத்திலும் என் பசையை மறைக்காமல் சொன்ன அவளுக்கு நான் பட்ட கடன்களில் இதையாவது நான் சொல்லில் அல்லாமல் கையால் செலுத்த வேண்டும் என்று தோன்றியது. ரயிலடி முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி, என் மேடைக் குரலிலேயே கத்தினேன்:

"சத்தியமா என்ற கையாலயே முடிக்கறேன் அக்கா! நீ லீவுக்கு வந்து தொட்டுப் பாரு. பியானோவுல ஒரே ஒரு கட்டை ஆடினாலும், அது ஆடாம நிக்கற வரைக்கும் நான் மேடை ஏற மாட்டேன்!"