ஒன்பது வரை காத்திருக்கும் மொழி

என் உம்மா றுகையா வயல் வரம்பில் கால் வைத்ததே இல்லை. ஆனால் கல்முனைக்கு மேற்கே எங்கள் வயற்கண்டத்தில் எந்த வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்பது அவருக்குத் தெரியும். வாப்பா அச்சிமுகம்மது அங்கே வட்டவிதானை, நீர்முறை பங்கிடுபவர். பகல் முழுதும் மதகடியில் நிற்பார். அங்கே சிக்னல் கிடையாது. அழைப்பெல்லாம் வீட்டுக்குத்தான் வரும். இருபத்திரண்டு வருடம் உம்மாதான் பதில் சொன்னார். வாப்பா காலையில் சொல்லிவிட்டுப் போவதை ஒரு தடவை கேட்பார். எழுதி வைத்ததில்லை.

சென்ற வருடம் உம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். சிறுபோக நெற்பருவத்தின் நடுவில் சத்திரசிகிச்சை. குரல் போய்விட்டது. தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. வாப்பா ஒவ்வொரு வயலாக நடந்து சொன்னார். நான் மென்பொருள் பொறியியலாளர். வாப்பா காலையில் சொல்வதைப் பதிந்து வைத்து, அழைப்பை எடுத்து, பெண் குரலில் பதில் சொல்லும் குரல் உதவியாளர் ஒன்றைச் செய்கிறேன் என்றேன்.

எந்த நிரல்மொழியில் எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்ட். வேலையில் தினமும் எழுதுவது. பேச்சை எழுத்தாக்கும் ஆயத்தச் சேவை ஒன்று அதோடு நேரே பொருந்தியது. பைத்தானையும் பார்த்தேன். தமிழ்ப் பேச்சுக்குத் திறந்த கருவிகள் அதில் இருந்தன, ஆனால் பாதியை நானே கட்ட வேண்டும். விட்டுவிட்டேன்.

முதல் நாள் நாற்பது அழைப்பு. முப்பத்தொன்று பதில் பெறாமலே முடிந்தன. அன்று எங்கள் கண்டத்து விவசாயி ஜவாத் காக்காவின் முறை ஒரு நாள் முன்னுக்கு மாறியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் அவர் வயலைத் தாண்டிப் போனது. கதிர் வெளிவரும் நேரம். அடுத்த முறை எட்டு நாள் கழித்து. அதுவும் தவறினால் மூன்று ஏக்கரும் பதர்தான்.

பின்னேரம் எங்கள் வீட்டுப் படலையடிக்கு வந்தார். கோபப்படவில்லை. உம்மாவை அக்கா முறையில் ராத்தா என்றுதான் அழைப்பார்.

"ராத்தா, உங்கட புது ஆளுக்கு மரியாதை தெரியா. 'இல்லை, நன்றி' எண்டு போட்டு வெச்சிட்டா. நான் இன்னும் கதைக்கவே இல்ல."

பதிவுகளைப் போடச் சொல்லி உம்மா கை காட்டினார். கேட்டோம். ஒவ்வொருவரும் சலாம் சொல்கிறார். பிறகு, "விதானையார் இரிக்காரா?" இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இன்னொருவர் வீட்டுப் பெண்ணிடம் எடுத்த எடுப்பில் காரியம் கேட்கக் கூடாதே என்ற மரியாதை அது. உண்மையான கேள்வி ஒரு மௌனத்துக்குப் பிறகுதான் வரும். என் செயலி முதற்கேள்விக்குப் பதில் சொல்லி, இரண்டு நொடி மௌனத்தில் அழைப்பை முடித்திருந்தது.

உம்மா கொப்பியில் எழுதினார்: "இல்ல, சொல்லுங்க எண்டு சொல்லிட்டு ஒம்பது எண்ணணும்." அதன் கீழே: "எந்த மொழி காத்திருக்கும்?"

எந்த மொழியும் தானாகக் காத்திருக்காது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். அந்த ஆயத்தச் சேவையில் இரண்டு நொடியை என்னால் மாற்ற முடியாது. பைத்தானில் நானே கட்டினால் முடியும். ஐந்து நாளில் திரும்ப எழுதினேன்.

சோதனைக்கு இருபது நொடி விட்டேன். இரண்டு நாள் அழைப்புகள். பெரும்பாலோர் ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் கேட்டார்கள். ஒருவர் மட்டும் ஒன்பதில். அதற்கு மேல் எவரும் போகவில்லை. நிரலில் இருபதை ஒன்பதாக்கினேன். நான் கருவி வைத்து அளந்ததை உம்மா மணிக்கூடு கூடப் பார்க்காமல் அறிந்து வைத்திருந்தார்.

எட்டாம் நாள் காலை ஜவாத் காக்கா அழைத்தார். முறை மறுபடி மாறியிருந்தது. பின்னேர அஸர்த் தொழுகை நேரத்துக்குப் பதில் நண்பகல் லுஹருக்கு முன். உம்மா கட்டிலில் இருந்தபடி கேட்டார். சலாம். பதில் சலாம்.

"விதானையார் இரிக்காரா?"

"இல்ல, சொல்லுங்க."

மௌனம். உம்மா விரல் மடக்கினார். ஏழாவது விரலில், "நம்மட வாய்க்காலுக்கு எப்ப தண்ணி?"

செயலி சொன்னது.

"சரி ராத்தா," என்று வைத்தார்.

உம்மா மடக்கிய விரல்களைச் சற்று நேரம் விரிக்கவில்லை.

அறுவடைக்கு ஐந்து நாள் முன் உம்மா மௌத்தானார். அவரது நாற்பதாம் நாள் நினைவுக் கத்தத்துக்கு ஜவாத் காக்கா அந்த வயல் நெல்லில் குத்திய அரிசி கொண்டுவந்தார். நிரலில் அந்த எண் ஒன்பதாகவே இருக்கிறது.