இரண்டு காபரேட்டர்களும் ஒரே இரைச்சலும்

பிள்ளைகளே, எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, நெல் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போன லொறி ஒன்று திரும்பி வருகையில் ஒரு காரைக் கொண்டுவந்து எங்கள் ஊரான சாய்ந்தமருதில் மாமாவின் கராஜில் இறக்கியது. மாமா என்றால் என் உம்மாவின் தம்பி. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன கார் அது. உலகப் போர் முடிந்து பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இங்கிலாந்துக்காரர் இப்படியான கார்களைச் செய்து வெளிநாடுகளுக்குத்தான் அதிகம் அனுப்பினார்களாம். சைக்கிளைப் போலக் கம்பி வைத்த சக்கரங்கள். தகரத்தைத் தட்டினால் உள்ளே தோணியைப் போல மரச்சட்டம். இருக்கை இரண்டே இரண்டு.

“பொஞ்சாதிய ஏத்தினா பிள்ளைகள எங்க வெக்கிற மச்சான்?” என்று தேநீர்க்கடைக்காரர் கேட்டார்.

“அதுக்காகத்தான் வாங்கின” என்றார் மாமா.

எத்தனையோ லொறிகளுக்கு உயிர் கொடுத்தவர் அவர். இந்தக் கார் மட்டும் குலுங்கி, இருமி, நின்றுபோகும். மாமாவுக்குத் தொழில் மறந்துபோச்சு என்று ஊரில் கதைக்கத் தொடங்கினார்கள்.

அந்த எஞ்சினுக்கு இரண்டு காபரேட்டர்கள். பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது அவற்றின் வேலை. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூடுதலாக இழுத்தால் மற்றது பட்டினி. ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைக் காபரேட்டரின் வாயிலும் வைத்தால் இரைச்சல் கேட்கும். இரண்டு இரைச்சலும் ஒன்றாகும் வரை திருகாணியைத் திருக வேண்டும்.

ஒரு நாள் மாமா குழாயை என் காதில் வைத்தார்.

“ரெண்டும் ஒரே மாதிரியா இரிக்கா மகன்?”

சரிவந்தால் முதல் சவாரி எனக்கு என்று சொல்லியிருந்தார். நான் ஒழுங்காகக் கேட்காமலே “ஓம் மாமா” என்றேன்.

அந்த முதல் சவாரியில், பக்கத்து ஊரான காரைதீவிலேயே கார் நின்றது. வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தோம். “தள்ளுறதுக்கும் ரெண்டு பேர் போதும் போல” என்று சைக்கிளில் போன மீன்காரர் சொல்லிவிட்டுப் போனார். மாமா என்னை ஏசவில்லை.

“மகன், எனக்குப் பிடிச்ச பதில் வேணாம். கேக்கிறத மட்டும் சொல்லு.”

மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். “வலது பக்கம்தான் கூட இரையுது. இன்னும் கொஞ்சம்.” மாமா எஞ்சினைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துத் திருகினார். எஞ்சின் இருமலை விட்டது. நிந்தவூர், ஒலுவில் எல்லாம் தாண்டிப் பாலமுனை வரை போனோம். வழியெல்லாம் ஒரு கையைக் காரின் மரத்தில் அழுத்தி, அதன் அதிர்வைப் பிடித்தபடியே ஓட்டினார்.

இரண்டு வாரத்தில் அதைக் கொழும்புக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். எனக்குப் பெருங்கோபம்.

“இவ்வளவு பாடுபட்டு ஓட வெச்சிட்டு ஏன் வித்த?”

“நல்லா ஓடக்குள்ளதான் விக்கணும் மகன்.”

பட்டறைச் சத்தம் மாமாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டதை உம்மா எனக்குச் சொன்னது, நான் பெரியவனான பிறகு. மெக்கானிக்குக்குக் காது போனால் யார் வாகனம் கொண்டுவருவார்கள் என்று பயந்து அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கார் விற்ற அந்த வருட நோன்பில், நோன்பு திறக்கப் பள்ளிவாசல் பாங்கு கேட்பதற்காகக் காத்திருக்கும்போது மாமா என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பேரீச்சம்பழத்தை எடுத்த பிறகுதான் அவர் எடுப்பார். என்மேல் உள்ள பிரியம் என்று நினைத்தேன். ஒரு நாள் விளையாட்டாக, பாங்கு சொல்ல முன்னமே கையை நீட்டினேன். மாமாவும் நீட்டினார்.

எல்லோரும் சிரித்தோம். எங்களைப் பார்த்துவிட்டு மாமாவும் சிரித்தார்.