மூடியில் கால் வைக்காதே

வீட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அதன் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட்டும் இடது கையில் தடித்த தோல் கிளவுஸுமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் தயங்கி நிற்பார்கள். தெருக்காரர்கள் நிற்கமாட்டார்கள். "வாளியக்கா டூட்டியில இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள்.

வாளியக்காவின் உண்மையான டூட்டி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். உலர்ந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை மடிக்கும் மேசையில் நிற்பாள். எதிரே ஒருத்தி. இருவரும் இரண்டு முனைகளைப் பிடித்து, உதறி, நெருங்கி, மறுபடி விலகி மடிக்க வேண்டும். நாள் முழுக்க அந்த நடைதான். வேலை முடிந்து வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வாள். மகள் வாலு அதற்குள் பந்தோடு சந்தில் தயாராக நிற்பாள்.

வாலு அவளுடைய ஒரே மகள். பிறந்ததிலிருந்தே ஓரிடத்தில் நிற்காததால் வந்த பெயர். பள்ளியில் சாஃப்ட்பால் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பைத்தியம், பிட்சராக வேண்டும். பந்து வீசுகிறவளுக்குத்தான் பிட்சர் என்று பெயர். கையைத் தோளிலிருந்து முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் வரும்போது பந்தை விட வேண்டும். அதே நேரத்தில் இடது காலை நீட்டி முன்னால் பாய வேண்டும். பெயரில்தான் சாஃப்ட். பந்து கல் மாதிரி இருக்கும்.

வீச ஆள் இருந்தால் போதாது, பிடிக்க ஆள் வேண்டும். அப்பாவுக்கு இரவுக் காவல் வேலை, பகலில் தூக்கம். "ஒரு பந்து என் மேல பட்டா ஆயுசுக்கும் லீவு" என்று முதல் நாளே கழன்றுகொண்டார். மிச்சமிருந்தது அம்மா. அவளுக்கு ஆட்டத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்று, கண்ணை மூடாமல் பிடிப்பது. அதையும் கொஞ்ச காலம் மூடிக்கொண்டுதான் பிடித்தாள்.

சந்தில் ஒரு தொல்லை இருந்தது. சாக்கடைக் குழிக்கு மேல் போட்ட கான்கிரீட் மூடி. ஒரு மூலை உடைந்து, காலை வைத்தால் ஆடும். வாலு பாயும்போது இடது கால் வந்து விழவேண்டிய இடத்திலேயே அது இருந்தது. பின்னால் நகரலாம் என்றால் கேட். முன்னால் வந்தால் அம்மாவின் மூக்கு. மூடிக்கு இடப்பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடியது. ஆரம்பத்திலேயே ஒருநாள் வாலுவின் கால் மூடியில் விழுந்து, அது புரண்டு, முழங்கால் சிராய்த்து, தோல் உரிந்து வந்தது. அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கத்தினாள்.

"மூடி!"

வாலுவின் கால் மூடியைத் தாண்டி வலப்பக்கம் போய் விழும். பந்து வந்து கிளவுஸில் அறையும். மூடி, அறை. மூடி, அறை. சாயங்காலமானால் அந்தத் தெருவுக்கு இந்தச் சத்தம் பழகிவிட்டது. பழகப் பழக வேகமும் ஏறியது. அம்மாவின் இடது உள்ளங்கை எப்போதும் நீலம் பூத்திருந்தது.

மடிக்கும் மேசையில் எதிரே நிற்கிற ஒல்லி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது? வீட்டுக்காரர் கை வைக்கிறாரா? சொல்லு, நாங்க நாலு பேர் வந்து பேசறோம்."

"அவரு இல்லடி. என் பொண்ணு."

"ஐயையோ, பெத்த பொண்ணா!"

"தினமும் சாயங்காலம் பந்து வீசிப் பழகறா. நான்தான் உட்கார்ந்து வாங்கிக்கறேன்."

ஒல்லி விரிப்பை நழுவ விட்டுச் சிரித்தாள். வாளியக்காவும் சிரித்தாள். அந்தக் கையைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு பெருமை. வாழ்க்கையில் அவள் உருவாக்கிய எதுவும் அடுத்த நாளைத் தாண்டி நின்றதில்லை. மடித்த விரிப்புகள் மறுநாள் அழுக்காகித் திரும்பி வரும். இந்த வேகம் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. தன் கண் முன்னால், தன் கையில்.

அந்த வருடம் பள்ளிக்குப் புதிதாக ஒரு கோச் வந்தாள். இளம்பெண், கையில் எப்போதும் போன். வாலு வீசுவதைப் படம் பிடித்து, மெதுவாக ஓட விட்டுப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினாள்.

"உங்க பொண்ணுக்கு நல்ல கைம்மா. ஆனா இங்க பாருங்க" என்று போனை நீட்டினாள். மைதானத்தில் நேராக ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. "கால் இந்தக் கோட்டு மேல விழணும். இவளுக்கு ஒவ்வொரு தடவையும் குறுக்க போய் விழுது. அதனால இடுப்பு பூட்டிக்குது, கை வர்ற வழி மறையுது. கை இடுப்பைச் சுத்திக்கிட்டு வருது. எல்லா பாரமும் தோள்ல. இப்படியே போட்டா தோள் போயிடும்."

"இப்ப வலிக்குதுன்னு சொன்னதில்லையே மிஸ்."

"சொல்லமாட்டா. சொன்னா போடவிட மாட்டோம்னு தெரியும்." கோச் வாலுவைப் பார்த்தாள். "யார் கத்துக் கொடுத்தது?"

"யாரும் இல்ல மிஸ். நானா கத்துக்கிட்டேன்."

அம்மா படத்தை மறுபடி போடச் சொன்னாள். மகள் கையைத் தூக்குகிறாள், பாய்கிறாள். வெறும் மண்தரை. எதுவுமே இல்லாத அந்த இடத்தில் கால் எதையோ சுற்றிக்கொண்டு போய் விழுகிறது. கோச்சுக்கு அது ஒரு தவறு. அம்மாவுக்கு அங்கே மூடி தெரிந்தது, உடைந்த மூலையோடு.

"தேர்வு ஆட்டம் வருது" என்றாள் கோச். "அதுக்குள்ள கால் நேராச்சுன்னா மண்டல அணிக்கு இவதான் பிட்சர். ஆகலைன்னா நான் பந்தைக் கொடுக்கமாட்டேன். தூரத்துல ஃபீல்டிங் நிறுத்திடுவேன். அவ தோளை வச்சு நான் விளையாடமாட்டேன்."

மறுநாளே அம்மா கொத்தனாரைக் கூட்டிவந்து மூடியைச் சிமெண்டு வைத்துப் பூசினாள். கல்லாக நின்றது. அவளே அதன்மேல் ஏறிக் குதித்துக் காட்டினாள்.

"பாரு, யானை ஏறினாலும் ஆடாது. மேலயே வை காலை."

வாலு வீசினாள். கால் சுற்றிக்கொண்டு போனது.

மூடிக்கு மேல் பலகை போட்டார்கள், அது கண்ணில் படாமலிருக்க. பலகையையும் சுற்றிப் போனது. சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு வலப்பக்கம் தலையணைகளை அடுக்கினார்கள். வாலு தலையணைமேல் போய் விழுந்தாள். மெதுவாக நடந்து காட்டினால் எல்லாம் சரியாக வந்தது, கால் கோட்டில் பொட்டு வைத்த மாதிரி விழுந்தது. வேகம் கூட்டியதும் பழையபடி.

"மெதுவா செஞ்சா என் கால்மா. வேகமா செஞ்சா அது வேற யாரோ கால்."

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறோம். மூடி கல்லாகி இத்தனை நாளாகியும் ஒவ்வொரு பந்துக்கும் வாய் தானாகக் கத்துகிறது. அன்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வாலு கையைத் தூக்கினாள். பாதியில் நிறுத்தினாள். மறுபடி தூக்கினாள். பந்து கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டு வந்தது.

"ஏம்மா சொல்லல?"

"எதை?"

"அதைத்தான். நீ சொன்னாதான் எனக்குக் கையே எழும்புது."

"சொன்னா கால் அந்தப் பக்கம் போகுதேடி."

"சொல்லலைன்னா பந்தே போகலையேம்மா!"

அம்மா வேறு சொல்லை முயன்றாள். "நேரா!" என்று கத்தினாள். வாலு நேராக நின்றுவிட்டாள். "போடு!" என்றாள். "பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கும்மா" என்று வாலு சிரித்தாள், பிறகு சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மாவால் வாளியிலிருந்து எழுந்து போய்க் கட்டிக்கொள்ளக்கூட முடியவில்லை. போய் என்ன சொல்வது? உன் காலில் இதைப் போட்டது நான்தான், எடுக்க எனக்குத் தெரியவில்லை என்றா?

தேர்வு ஆட்டத்தன்று ஒல்லியிடம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போய்க் கம்பி வேலிக்குப் பின்னால் நின்றாள். கோச் முதல் இன்னிங்ஸில் பந்தை வாலுவிடம் கொடுத்தாள். அதுவே பெரிய விஷயம்.

வாலு கவனமாக, அடி எடுத்து வைக்கப் பழகும் குழந்தை மாதிரி வீசினாள். கால் கோட்டில் விழுந்தது. பந்து அகலமாகப் போனது. மறுபடி கோட்டில். பந்து தரையில் குத்தி எழும்பியது. இப்படி நான்கு பந்து தவறினால் மட்டைக்காரி அடிக்காமலே முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய முதல் கட்டத்துக்கு, நடந்து போகலாம். ஒருத்தி நடந்தாள். அடுத்தவளும் நடந்தாள். எதிரணிப் பெண்கள் "உட்கார்ந்துக்கிட்டே ஜெயிக்கலாம்டி" என்று கூவினார்கள். மூன்றாமவளும் நடந்தபோது மூன்று பேஸ்களும் நிரம்பிவிட்டன; இன்னொருத்தி நடந்தால் எதிரணிக்கு ஒரு ரன்.

வாலு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கோச்சைப் பார்க்கவில்லை. திரும்பி, வேலியைப் பார்த்தாள்.

அம்மாவுக்கு அந்தப் பார்வை புரிந்தது. சொல்லக்கூடாது. சொன்னால் கால் போகும், கோச் பார்ப்பாள், எல்லாம் முடியும். சொல்லாவிட்டால் அங்கே நடுமைதானத்தில், அத்தனை பேர் பார்க்க, பிள்ளை தனியாக நிற்கிறது. பல்லைக் கடித்தாள். வாலு இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூடி!"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வாலுவின் கை வட்டமடித்தது. பந்து போன வேகத்தில் மட்டைக்காரி அசையவே இல்லை. கேட்சரின் கிளவுஸில் விழுந்த அறை வேலி வரை கேட்டது. அடுத்த பந்து. "மூடி!" அறை. அடுத்து வந்த மூன்று மட்டைக்காரிகளும் வரிசையாகத் தோற்று வெளியே போனார்கள், இன்னிங்ஸ் முடிந்தது. வாலுவின் தோழிகள் குதித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் அம்மாவின் முதுகில் தட்டி, "உங்க பொண்ணா?" என்றார்.

அம்மா கோச்சைப் பார்த்தாள். கோச் கைதட்டவில்லை. மண்ணில், கோட்டுக்கு வலப்பக்கம் வரிசையாகப் பதிந்திருந்த கால்தடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த இன்னிங்ஸில் பந்து வேறொரு பெண்ணிடம் போனது. வாலு தூரத்தில், மைதானத்தின் விளிம்பில் நின்றாள். ஆட்டம் முடியும்வரை ஒரு பந்தும் அந்தப் பக்கம் வரவில்லை.

"அணியில எடுத்துக்கறேன்மா" என்றாள் கோச், முடிந்த பிறகு. "ஆனா ஃபீல்டிங்தான். இந்த வருஷம் அவ வீச வேண்டாம். என்னைக் கோவிச்சுக்காதீங்க."

"உங்களை ஏன் மிஸ் கோவிச்சுக்கப் போறேன்" என்றாள் அம்மா.

பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். சந்துக்குள் நுழைந்தார்கள். முன்னால் போன வாலு, கல்லாக உறைந்த மூடியைச் சுற்றிக்கொண்டு போனாள். பின்னால் வந்த அம்மாவும் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு சுற்றித்தான் போனாள்.

"ஏம்மா சொன்ன?"

"நீ பார்த்தியேடி."

"பார்த்தேன்தான்." வாலு சுவரில் சாய்ந்து நின்றாள். "நீ சொல்லமாட்டேன்னு நினைச்சேன்."

"அப்ப எதுக்குடி பார்த்த?"

"தெரியலம்மா."

அம்மா ஹெல்மெட்டை எடுத்தாள். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே வாளியில் உட்கார்ந்தாள். உள்ளே அப்பா வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு உட்காருவியா?" என்றாள் வாலு. "மெதுவா போடறேன். ரொம்ப மெதுவா."

"உட்காருறேன். நான் என்ன சொல்லட்டும்?"

வாலு யோசித்தாள். காலால் தரையைத் தேய்த்தாள். அம்மா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.