இரகுநாதன் வீட்டு ரேடியோகிராம்

பதுளையில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்துகொண்டிருந்த இரகுநாதனுக்குச் சங்கீதம் என்றால் உயிர். கொழும்புக் கடையொன்றில், ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த புதுமாதிரி ஸ்டீரியோ ரேடியோகிராமுக்குச் சொல்லிவைத்திருந்தார். அது கப்பலில் வந்து சேருமுன் அவருக்குக் கசநோய் கண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். நெஞ்சு சுகமாயிற்று. ஆனால் அந்த மருந்து காது இரண்டையும் கொண்டுபோய்விட்டது. முதலில் ஓயாத இரைச்சல். பிறகு அதுவும் நின்றது.

இனி ஒருவருக்கும் தொற்றாது, வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் தாளில் எழுதிக் காட்டினார். இரகுநாதன் தலையாட்டினார். அழுகை வருமென்று நினைத்தார். வரவில்லை.

வீடு திரும்பிய சில நாட்களில் ரேடியோகிராம் வந்துவிட்டதாகக் கடைக்காரர் அறிவித்தார். மனைவி யோகம்மா அவர் முகத்துக்கு நேரே நின்று, உதடுகளைப் பெரிதாக அசைத்துக் கேட்டாள்:

"வேண்டாமெண்டு சொல்லிவிடுவமே?"

"வரட்டும்" என்றார். வேண்டாமென்று சொல்லவும் ஒரு மனம் வேண்டியிருந்தது. அது அவரிடம் இருக்கவில்லை.

ரயிலில் வந்த பெட்டியை நாலு பேர் தூக்கிவந்து வைத்தார்கள். கூடவந்த புத்தகத்தில் சொன்னபடி, அளவுகோல் பிடித்துச் சுவரிலிருந்து தள்ளிவைத்தார் இரகுநாதன். இரண்டு பக்கச் சத்தமும் சரிசமமாக வந்து சேரும் இடத்தில் கதிரைகளைப் போட்டார். பிறகு, வந்ததும் கேட்கக் கூப்பிடுவதாக முன்பே தான் வாக்குக் கொடுத்திருந்த சிநேகிதர்கள் இருவரையும் ஞாயிறு பின்னேரம் வரச்சொன்னார். ஒருவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த செல்வரத்தினம். மற்றவர் கணக்கு வாத்தியார் ஸ்ரீஸ்கந்தராஜா. முன்பெல்லாம் செல்வரத்தினத்தின் சின்ன ரேடியோவைச் சுற்றி மூவரும் உட்கார்ந்து கேட்டவர்கள்.

"ரயிலோடுற சத்தம் பதிஞ்ச இசைத்தட்டு ஒண்டு இருக்கு. முதல்ல அதைக் கேளுங்கோ" என்றார். தன் குரல் எவ்வளவு உரத்திருந்தது என்பது இருவரும் திடுக்கிட்டதில்தான் தெரிந்தது.

தட்டு சுழன்றது. இருவர் தலைகளும் இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பின. செல்வரத்தினம் வாயைப் பிளந்தார். ரயில் சரியாகத்தான் ஓடுகிறது என்று இரகுநாதன் தெரிந்துகொண்டார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

யோகம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் எடுக்கவில்லை. அவர்கள் போகும்போது கோப்பைகள் நிறைந்தபடியே ஆடை கட்டியிருந்தன.

"நோய்க்குப் பயப்பிடுகினம்" என்று அவருக்கு விளங்க உதடசைத்தாள் யோகம்மா.

"பயந்தால் பயந்திட்டுப் போகட்டும்."

அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அடுத்ததும். யோகம்மா ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணீரை ஊற்றி வைத்தாள். பிறகு கொண்டுபோய் வெளியே ஊற்றினாள்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு, நாதஸ்வரத் தட்டொன்றைப் போட்டார் இரகுநாதன். ஸ்ரீஸ்கந்தராஜா கண்களை மூடிக்கொண்டார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. சற்றுநேரத்தில் அவர் கை தானாக நீண்டு கோப்பையை எடுத்தது. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். கண்ணைத் திறந்தபோதுதான் கையிலிருப்பது என்னவென்று உறைத்தது. இரகுநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாரின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு குனிந்தபடி மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

யோகம்மா வெறும் கோப்பையோடு குசினிக்குள் போனாள். பின்னால் போன இரகுநாதன், அவள் தோள்கள் குலுங்குவதைக் கண்டார். தனக்கும் அழுகை ஏதாவது வருமா என்று சற்று நின்று பார்த்தார்.

"அழாதையும். அவருக்கு இன்னொண்டு ஊத்திக் குடும்" என்றார். முன்னறையில் இருந்தவர்களுக்கும் அது கேட்டிருக்கும்.

அதன்பிறகு வாத்தியார் ஒவ்வொரு வாரமும் கேட்டு வாங்கிக் குடித்தார். செல்வரத்தினம் கடைசிவரை ஒரு மிடறும் குடிக்கவில்லை; ஆனால் ஒரு ஞாயிறும் வராமலும் இருக்கவில்லை. இரகுநாதனுக்கு அவர்மேல் கோபமில்லை. ஊசி தட்டின் ஓரத்திலிருந்து உள்ளே நகர்வதைப் பார்த்திருந்து, முடியுமிடத்தில் எழுந்துபோய், தட்டைத் துடைத்து மறுபக்கம் போட்டார்.